அனந்தகிருஷ்ணன் வறுமையை ஒழித்த வருடம்

துபாய்த் தமிழர்களின் பேரவைக்குத் தலைவராக மூன்றாம் முறையும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு கவலை வந்தது. முதல் முறை தலைவரானபோது பொங்கல் விழா நடத்தினார். இரண்டாம் முறை அதைவிடப் பெரிய பொங்கல் விழா நடத்தினார். மூன்றாம் முறைக்கு அதைவிடப் பெரிய பானை துபாயில் கிடைக்கவில்லை.

அந்த வாரம் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன் ஒரு பெரிய நாட்டின் அதிபர் எல்லோருக்கும் சம உரிமை என்று சட்டம் கொண்டுவந்தார், வறுமையின் மேல் போர் தொடுத்தார் என்று அதில் இருந்தது. போர் எப்படி முடிந்தது என்ற பகுதி 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே இருந்ததால் அனந்தகிருஷ்ணன் அதைப் பார்க்கவில்லை.

"ஒரு தேசத்துக்கே ஒருத்தர் செஞ்சு காட்டியிருக்கார். முந்நூறு பேர் இருக்கற பேரவைக்கு நம்மால முடியாதா?" என்று மனைவி பத்மாவிடம் கேட்டார்.

"தாராளமா முடியும். ஆனா ஜூலைக்குள்ள ஒழிச்சுடுங்கோ. அர்ஜுனுக்கு ஸ்கூல் லீவு விட்டா நாம கிளம்பணும்" என்றாள் பத்மா.

அப்படித்தான் துபாயில் அந்த வருடம் வறுமை ஒழிப்பு தொடங்கியது.

பேரவையில் அதுவரை இரண்டு வகை உறுப்பினர்கள் இருந்தார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் குடும்ப உறுப்பினர்கள். கம்பெனித் தங்குமிடமான கேம்பில் இருப்பவர்கள் தொழிலாளர் உறுப்பினர்கள். விழா அரங்கில் இரு வகைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். தலைவரின் முதல் சீர்திருத்தம் அந்தக் கயிற்றை அகற்றியது. அந்த இடத்தில் பூச்சரம் கட்டப்பட்டது.

கார்மேகம் இந்தப் பேரவையில் எப்போது உறுப்பினரானார் என்பது அவருக்கே தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வேட்டி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள், அதுவாக இருக்கலாம். கமுதிப் பக்கத்து ஆள். நாற்பத்தாறு வயது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. அல் குசைஸ் பக்கத்துக் கேம்பில் எட்டுப் பேர் இருக்கும் ரூமில் இருந்தார். அவர் வேலை செய்த காண்ட்ராக்டிங் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் அனந்தகிருஷ்ணன்.

அந்த மாதம் கார்மேகத்தின் மனைவி சரோஜாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாக மதுரையில் சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை ஆபரேஷன். போனில் சரோஜா அழவில்லை. "நீங்க வந்துருவீகள்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துருவேன்" என்றார் கார்மேகம்.

அவர் ஊருக்குப் போய் இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. லீவு பாரத்தில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டார். சைட் என்ஜினியர் போட்டார். மிச்சம் ஜி.எம். கையெழுத்து ஒன்றுதான். அது விழுந்தால்தான் 'பாதுகாப்புக்காக' ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கும் பாஸ்போர்ட் வெளியே வரும். பாஸ்போர்ட்டை யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று கார்மேகம் ஒருமுறை கேட்டிருக்கிறார். தொலைந்துபோகாமல் இருக்க என்றார்கள்.

ஆபீஸில் லீவு பாரங்களைக் கவனிப்பவள் தன்யா என்ற மலையாளப் பெண். கார்மேகம் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் அவள் குரல் இன்னும் தாழ்ந்துபோகும்.

"பேப்பர் சார் டேபிள்லதான் இருக்கு சேட்டா. சார் ஆபீஸ் ஃபைல் தொட்டே பத்து நாளாச்சு. முழுக்கப் பேரவை வேலைதான். பாவப்பட்டவங்களுக்காக ஏதோ திட்டமாம்."

"நானும் பாவப்பட்டவன்தான்மா."

"நான் சொல்லிப் பார்த்தேன். லீவு விஷயம் அடுத்த மாசம் பார்க்கலாம், இப்போ வறுமை முக்கியம்னு சொன்னார்."

ரூமில் கார்மேகத்துக்கு மேல் கட்டிலில் படுப்பவன் முகம்மது ஆசிக். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அவன்தான் வழி சொன்னான். "ஆபீஸ்ல அந்த ஆளைப் பிடிக்க முடியாதுண்ணே. ஞாயித்துக்கிழமை பேரவைக் கூட்டம் இருக்கு. எல்லாரும் சமம்னு போஸ்டர் போட்டுருக்காங்க. நேரா போய்க் கேட்டுருங்க."

கூட்டம் ஒரு ஹோட்டலின் மாடியில். வாசலில் பேரவைச் செயலாளர் சீதாலட்சுமி மேஜை போட்டு அமர்ந்திருந்தார். பட்டுப்புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மூன்று நிறப் பேனாக்கள். கார்மேகத்தின் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தினார். 'சம உறுப்பினர்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே போகிற குடும்பங்களின் பேட்ஜில் 'உறுப்பினர்' என்று மட்டும் இருந்தது.

"யாரெல்லாம் சமம்னு பார்த்ததும் தெரியணும் இல்லையா?" என்றார் சீதாலட்சுமி. பிறகு ஒரு தாளை நீட்டினார். "இதை ஃபில் பண்ணிடுங்க. கணக்கெடுப்பு."

முதல் கேள்வி: தாங்கள் ஏழையா? ஆம் என்றால் ஆதாரம் இணைக்கவும்.

கார்மேகம் வெகுநேரம் யோசித்தார். அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இல்லாததுதான் ஆதாரம் என்று எழுதலாமா என்று தோன்றியது. திமிராகத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

"இல்லம்மா, நான் தலைவர் சாரைப் பாக்க வந்தேன். ஒரு கையெழுத்து..."

"முதல்ல நீங்க யாருன்னு முடிவாகட்டும். ஏழை யார்னு வரையறுக்கத் துணைக்குழு போட்டு மூணு தடவை கூடிப் பேசியாச்சு. மூணுமே இதே ஹோட்டல்லதான், மதியச் சாப்பாட்டோட. கடைசியில ஏழைங்கற வார்த்தையே மனசைப் புண்படுத்துதுன்னு கண்டுபிடிச்சாங்க. இனிமே 'வளர்நிலை உறுப்பினர்'. போன வாரம் தீர்மானம் போட்டோம். அன்னைக்கே பேரவையில பாதி வறுமை போயிடுச்சு."

"மீதிப் பாதி?"

"அது விழாவுல" என்றார் சீதாலட்சுமி.

கூட்டம் முடிந்து தலைவர் காரில் ஏறப் போகும்போது கார்மேகம் ஓடிப்போய் நின்றார். அனந்தகிருஷ்ணன் அவர் தோளில் கைபோட்டார். கம்பெனியில் பதினோரு வருடத்தில் அந்தக் கை அவர்மேல் பட்டதில்லை.

"சார், என் லீவு பாரம் உங்க டேபிள்ல இருக்குங்க. வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்..."

அனந்தகிருஷ்ணனின் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. "கார்மேகம், நான் மனசு விட்டுச் சொல்றேன். ஆபீஸ்ல நான் உங்க ஜி.எம். இங்க நான் உங்க சகோதரன். சகோதரன்கிட்ட யாராவது லீவு கேட்பாங்களா? இந்த உறவை நாம கொச்சைப்படுத்தக் கூடாது. ஆபீஸ்ல வந்து கேளுங்க."

செவ்வாய்க்கிழமை அரைநாள் டூட்டியை விட்டு கார்மேகம் ஆபீஸுக்குப் போனார். அறை திறந்திருந்தது. அனந்தகிருஷ்ணன் கண்ணாடி முன் நின்று ஒரு கையை உயர்த்திப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். கார்மேகத்தைக் கண்டும் கையை இறக்கவில்லை.

"சார், ஆபீஸ்ல வரச் சொன்னீங்க."

"ஆமாம். ஆனா ஆபீஸ்ல ஒரு முறை இருக்கு இல்லையா? நீங்க ஃபோர்மேன்கிட்ட சொல்லணும், ஃபோர்மேன் என்ஜினியர்கிட்ட சொல்லணும், அவர் எனக்கு எழுதணும். நேரா என் ரூமுக்கு வர்றதுக்கு இது என்ன பேரவையா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். கார்மேகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உங்களுக்கு எந்த ஊரு?"

"கமுதிங்க சார். ராமநாதபுரம் ஜில்லா."

"மழை பெய்யாதே அங்க?"

"அதிகம் பெய்யாதுங்க."

"பிரமாதம்!" என்றார் அனந்தகிருஷ்ணன். போனை எடுத்தார். "சீதாலட்சுமி, நமக்கு ஆள் கிடைச்சாச்சு. கறுப்பு, ஒல்லி, ராம்நாடு. இதைவிட என்ன வேணும்? விழாவுல முதல் ஆள் இவர்தான்."

கார்மேகத்துக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பேரவையின் வறுமை ஒழிப்பு விழா. எட்டுப் பேரை மேடையில் ஏற்றி அவர்களுடைய வறுமையை ஒழிக்கிறார்கள். முதலில் ஒழிக்கப்படுபவர் தலைவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் நன்றி சொல்லலாம்.

"ரெண்டு நிமிசம் பக்கத்துல நிப்பீங்கண்ணே" என்றான் ஆசிக். "ஒரு கையெழுத்துக்கு எத்தனை செகண்டு ஆகும்?"

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. கார்மேகம் இருந்ததிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். சீதாலட்சுமிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இவ்வளவு நீட்டா வந்தா நாங்க எதை ஒழிக்கறது? ஜனங்க என்ன நினைப்பாங்க? சைட்டுல போடுற கவரால் இல்லையா? அந்த நீலக் கலர் உடுப்பு?"

"துவைக்கப் போட்டுருக்கேன்மா."

"துவைக்காதீங்க!"

நடக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். சாரத்தில் இருபதாவது மாடியில் நடக்கிற மனிதர் நிமிர்ந்துதான் நடப்பார். அது சரியில்லை என்று கொஞ்சம் குனிந்து நடக்கச் சொன்னார்கள். மேடையின் இடப்பக்கம் கவராலோடு ஏற வேண்டும். நடுவில் தலைவர் அவருக்கு ஒரு கோட்டு மாட்டுவார். வலப்பக்கம் நிமிர்ந்து இறங்க வேண்டும். மொத்தம் தொண்ணூறு விநாடி. கோட்டு சத்வாவில் ஒரு தையல்காரரிடம் ஒருநாள் வாடகைக்கு எடுத்தது. ஒரே கோட்டு. கார்மேகம் வலப்பக்கம் இறங்கியதும் அதைக் கழற்றித் திரைக்குப் பின்னால் ஓடி, இடப்பக்கம் நிற்கும் அடுத்தவருக்காகத் தலைவர் கையில் கொடுக்க ஒரு தொண்டர் இருந்தார். எட்டாவதாக நிற்பவர் கார்மேகத்தைப் போல இரண்டு மடங்கு பருமன். அவருக்குக் கோட்டைத் தோளில் சும்மா போர்த்தினால் போதும் என்று முடிவாயிற்று.

"பாதி ஒழிஞ்சா மாதிரி தெரியுமே" என்று ஒருவர் கவலைப்பட்டார்.

"அவர் கடைசி. அப்போ எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க" என்றார் சீதாலட்சுமி.

விழாவன்று அரங்கு நிறைந்திருந்தது. பூச்சரத்துக்கு முன்னால் உறுப்பினர்கள் குஷன் நாற்காலியில், பின்னால் சம உறுப்பினர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். அனந்தகிருஷ்ணன் பேச எழுந்தார்.

"வறுமை என்பது என்ன? ஒரு மனநிலை! இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் நான் இந்த மண்ணில் வந்து இறங்கினபோது என்னிடம் என்ன இருந்தது? ஒரு பெட்டி. ஒரு டிகிரி. எங்க சித்தப்பா." சித்தப்பா அப்போது இதே கம்பெனியில் டைரக்டராக இருந்தார். "நான் வறுமையை நினைச்சுக்கூடப் பார்க்கலை. அதனால அது என்கிட்ட வரலை. இதோ பின்னால உட்கார்ந்திருக்காங்களே, நம்ம சகோதரர்கள், இவங்க கட்டின கட்டடத்துலதான் நாம குடியிருக்கோம். அதனால இவங்க நமக்கு அந்நியர் இல்லை. நம்ம வீட்டு ஜன்னலோட வெளிப்பக்கத்தை நம்மைவிட நன்னாத் தெரிஞ்சவங்க! இவங்களை ஏன் இத்தனை வருஷம் ஒதுக்கி வெச்சோம்? நான் வெட்கப்படறேன். இன்னையிலேர்ந்து அந்த வெட்கம் எனக்குக் கிடையாது!"

கைதட்டல் எழுந்தது. தட்டாமல் இருந்தவர்களுக்கு சீதாலட்சுமி கையால் சைகை காட்டினார்.

கார்மேகத்தை அழைத்தார்கள். துவைக்காத கவராலில் குனிந்து ஏறினார். தலைவர் கோட்டை மாட்டினார். கவராலின் மேல் கோட்டு முறுக்கிக்கொண்டு ஏறவில்லை; இரண்டு பேர் இழுத்து ஏற்றினார்கள். 'இவர் இன்று முதல் ஏழை அல்லர்' என்று எழுதிய சட்டம் போட்ட சான்றிதழ் கைக்கு வந்தது. மைக் வந்தது. நன்றியுரை எழுதிய துண்டுத்தாள் கவராலின் பாக்கெட்டில், கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. எடுக்கிற எண்ணமும் அவருக்கு இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். குரல் அரங்கு முழுக்கக் கேட்டதில் அவரே திடுக்கிட்டார். "என் பேரு கார்மேகம். சாருடைய கம்பெனியிலதான் வேலை பாக்குறேன். என் வீட்டுக்காரிக்கு வியாழக்கிழமை மதுரையில ஆபரேஷன். நான் ஊருக்குப் போயி ரெண்டே முக்கா வருசம் ஆச்சு. என் லீவு பாரம் சார் டேபிள்ல பதினஞ்சு நாளாக் கிடக்கு. ஒரு கையெழுத்துதான். எனக்குக் கோட்டு வேணாம். பேனா இருந்தா இப்பவே போட்டுக் குடுத்துருங்க சார்."

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது நாடகத்தின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "என்ன நேச்சுரலா பண்றார் பாரு" என்று ஒரு அம்மாள் சொன்னது மேடைவரை கேட்டது. கைதட்டல் பரவியது. பலர் எழுந்து நின்று தட்டினார்கள். பூச்சரத்துக்குப் பின்னால் மட்டும் யாரும் தட்டவில்லை.

அனந்தகிருஷ்ணன் மைக்கை வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா! ஒரு தொழிலாளி, தலைவரை, மேடையில, மைக்குல, நேருக்கு நேரா கேள்வி கேட்கறார்! போன வருஷம் இது நடந்திருக்குமா? இதுதான் உரிமை! கேட்கற உரிமையை இந்த வருஷம் கொடுத்துட்டோம். பதில் வாங்கற உரிமை அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு!"

கார்மேகத்தை வலப்பக்கமாக இறக்கினார்கள். கோட்டைக் கழற்றிக்கொண்டு தொண்டர் ஓடினார்.

திங்களும் செவ்வாயும் தலைவர் ஊரில் இல்லை. அண்டை நாட்டில், மனாமாவின் குதைபியாப் பகுதியில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கம், வறுமையைத் தொண்ணூறு விநாடியில் ஒழிப்பது எப்படி என்று விளக்க அவரை அழைத்திருந்தது. புதன்கிழமை அவர்கள் கேட்டுக்கொண்டதால் இன்னொரு நாள் தங்கினார்.

வியாழக்கிழமை காலை கார்மேகம் டூட்டிக்குப் போனார். பதினான்காவது மாடியில் சாரக் குழாய்களை இணைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள் என்று மகள் ராதிகா சொல்லியிருந்தாள். முடுக்கிய இணைப்பையே மறுபடி மறுபடி முடுக்கினார். ஃபோர்மேன் கீழே இருந்து, "கார்மேகம், ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். ஒரு மணிக்குத்தான் போன் வந்தது.

"முடிஞ்சுருச்சுப்பா. அம்மா நல்லாருக்கு. இன்னும் முழிக்கல."

"யாரு கையெழுத்துப் போட்டா?"

"நான்தான்பா. பத்தொம்போது வயசாயிருச்சுல்ல, போடலாம்னு சொன்னாங்க."

கார்மேகம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்திலேயே உட்கார்ந்தார். ஃபோர்மேன் மேலே பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சரோஜாவே பேசினாள். குரல் மெலிந்து வந்தது. "நீங்க கோட்டுப் போட்டு நிக்கிற படம் ஊரெல்லாம் சுத்துதாம். வார்டுல ஒரு அம்மா கேக்குது, ஒன் வீட்டுக்காரரு துபாயில பெரிய ஆளாம்ல, ஒனக்கு எதுக்கு இந்தத் தர்மாஸ்பத்திரிக் கட்டிலுன்னு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பெரிய ஆளா இருந்தா வந்துருக்கலாம்ல?"

கார்மேகம் போனைக் கீழே இறக்கினார். ஆசிக் போனை வாங்கி, "அண்ணி, அண்ணன் வந்துருவாரு" என்று சொல்லி வைத்தான்.

விழா வீடியோவைத் தன்யாவும் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அனந்தகிருஷ்ணன் மனாமாவிலிருந்து திரும்பி நேரே ஆபீஸுக்கு வந்தார். சம உறுப்பினர்கள் அனைவருக்கும் தர வேண்டிய சான்றிதழ்கள் நூற்றிருபது, கையெழுத்துக்காக அடுக்கி வைத்திருந்தன. பேரவைக் காகிதம் எதையும் அவர் தாமதிப்பதில்லை. போனில் மனாமா விழாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போடத் தொடங்கினார். தன்யா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக விலக்கிக் கொடுத்தாள். அறுபதுக்கு மேல் போனதும் அவர் தாளைப் பார்ப்பதை நிறுத்தினார். எழுபதைத் தாண்டி ஓரிடத்தில் கார்மேகத்தின் லீவு பாரம் இருந்தது. அதற்கு அடியில் அதே கேம்பிலிருந்து இன்னும் ஐந்து பேருடையது.

பதினோரு மணிக்குக் கார்மேகத்தின் போன் அடித்தது.

"சேட்டா, சாரோட சைன் கிடைச்சது. பாஸ்போர்ட் என் கையில இருக்கு. ஆசிக்கை வண்டியோட அனுப்புங்க. வேகம் வரச் சொல்லுங்க, சார் ஃபோன் வைக்கறதுக்குள்ள."

"ஒனக்கு ஒண்ணும் பிரச்சினை வராதேம்மா?"

"என்ன பிரச்சினை? படிச்சுப் பார்க்காம சைன் பண்ணேன்னு அவரே சொல்லணும். சொல்லமாட்டார்."

சொல்லவில்லை. திங்கட்கிழமை விஷயம் தெரிந்ததும் அனந்தகிருஷ்ணன் பத்து நிமிடம் அறைக்குள் தனியாக இருந்தார். பிறகு பேரவைக் குழுவில் ஒரு செய்தி போட்டார்: 'நம் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டமாக ஆறு சம உறுப்பினர்களுக்கு ஒரே நாளில் விடுப்பு உரிமை.' கீழே அறுபத்து நான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அப்போது கார்மேகம் கமுதிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சரோஜாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். அவர் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள். வந்ததிலிருந்து அவரோடு ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வராதவர் ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன கேட்பது?

போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அனந்தகிருஷ்ணனுடைய நம்பர். கார்மேகம் பயந்துகொண்டே அழுத்தினார். குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கார்மேகம், உங்க சகோதரன் பேசறேன். வீட்ல உடம்பு எப்படி இருக்கு? நல்லா கவனிச்சுக்கோங்க. ஒண்ணுமில்லை, அபுதாபியிலேர்ந்து ஒரு அமைச்சகத்து ஆளு நம்ம திட்டத்தைப் பார்க்க அடுத்த மாசம் வர்றேங்கறார். மறுபடி ஒருதடவை ஒழிச்சுக் காட்டணும். ஆனா நூத்திருபது பேருக்கும் ஏழை இல்லைன்னு சர்ட்டிபிகேட் கொடுத்தாச்சு. இங்க இப்போ ஏழையே கிடைக்கலை. நீங்க எப்போ வர்றீங்க?"

சரோஜா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். வாயோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"ஐயோ, தையல் பிரிஞ்சிரும்" என்றாள்.

கார்மேகம் பதறிப்போய் போனை அணைக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. இன்னொருக்காப் போடுங்க."